இரண்டரை ரூபாய் நோட்டும் தொண்ணூறு கியாட் நோட்டும்: எதற்கு விலை, எதற்கு வெறும் வியப்பு

2 ரூபாய் 8 அணா என்று மதிப்பு அச்சிட்ட நோட்டு ஒன்று இந்தியாவில் புழங்கியது. நம் கணக்கில் இரண்டரை ரூபாய். இன்று அது நல்ல நிலையில் ஏலத்துக்கு வந்தால் லட்சங்களில் போகிறது. பர்மாவின் 90 கியாட் நோட்டும் அதே அளவு விசித்திரமான மதிப்புதான். மடிப்பே விழாத புதுத் தாளாக இருந்தாலும் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. இரண்டும் யாரும் எதிர்பார்க்காத எண்கள். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிட்டால், வீட்டுப் பெட்டியில் கிடைக்கும் பழைய நோட்டை எப்படிப் பார்ப்பது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் இரண்டரை ரூபாய். அது பிறந்ததற்குக் காரணம் வெள்ளி. அந்தக் காலத்து ஒரு ரூபாய் நாணயம் 11.66 கிராம் எடை. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. முதல் உலகப் போரின்போது வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனது. 1917 ஆகஸ்டில் லண்டனில் ஒரு அவுன்ஸ் 43 பென்ஸைத் தாண்டியதும், நாணயத்தை ரூபாயாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பது லாபம் என்றாகிவிட்டது. நாணயங்கள் சந்தையிலிருந்து மறைந்தன. புதிதாக அடிக்கவும் வெள்ளி போதவில்லை. 1918-ல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி விற்க ஒரு சட்டமே போட்டது; அதன்படி 20 கோடி அவுன்ஸ் இந்தியாவுக்கு வந்தது. நெருக்கடி அந்த அளவு.

அதுவரை இந்தியாவில் இருந்த மிகச் சிறிய நோட்டு 5 ரூபாய். அதற்குக் கீழே எல்லாம் நாணயம்தான். அந்த இடத்தை நிரப்ப 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அதையடுத்து 2 ரூபாய் 8 அணா நோட்டு. ஐந்தில் பாதி என்பதால் அந்த எண்ணுக்கு ஒரு நியாயம் உண்டு: இரண்டு தாள் கொடுத்தால் ஐந்து, நான்கு கொடுத்தால் பத்து. ஒவ்வொரு தாளும் இரண்டு வெள்ளி ரூபாயையும் ஒரு எட்டணாக் காசையும் மிச்சப்படுத்தியது. சிறு நோட்டு கைமாறிக் கைமாறிச் சீக்கிரம் நைந்துபோகும். திரும்பத் திரும்ப அச்சிட வேண்டும். இந்த வரவு செலவுக் கணக்குப் பார்த்து 1926 ஜனவரி 1 முதல் இரண்டு நோட்டுகளையுமே வெளியிடுவதை நிறுத்தினார்கள்.

விலையின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. 1918-ல் இரண்டரை ரூபாய் என்பது சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய காசு. அதை நினைவுக்காகப் பெட்டியில் போட்டு வைப்பவர்கள் யார்? கிடைத்தவர்கள் செலவழித்தார்கள், கடைக்காரர்கள் வெள்ளியாக மாற்றிக்கொண்டார்கள், திரும்பிவந்த தாளை அரசு அழித்தது. செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்திருந்தால் ஏமாந்தவர்கள் கையில் கட்டுக்கட்டாகத் தங்கியிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மெதுவாக, ஒழுங்காக, மரியாதையோடு மறைந்த நோட்டு அது. அப்படி மறைந்தவைதான் பிற்காலத்தில் கிடைப்பதில்லை.

அந்த நோட்டைக் கையில் வைத்துப் பார்ப்பவர் கவனிக்க வேண்டியவை சில. முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் படம். இந்திய நோட்டில் மன்னரின் முகம் முதன்முதலாக வந்தது 1917-ன் இந்த இரண்டு சிறு நோட்டுகளில்தான். பின்பக்கம் எட்டு இந்திய மொழிகளில் மதிப்பு எழுதியிருக்கும், தமிழும் உண்டு. கையெழுத்து எம்.எம்.எஸ். குப்பே என்பவருடையது, இரண்டரை ரூபாயில் வேறு கையெழுத்தே கிடையாது. ஒரு ரூபாய் நோட்டில் குப்பேக்குப் பிறகு மக்வாட்டர்ஸ், டென்னிங் என்று மேலும் இருவர் கையெழுத்து வரும். ஆகவே வேறு கையெழுத்தோடு யாராவது இரண்டரை ரூபாய் நோட்டு கொண்டுவந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அடுத்தது வரிசை எண்ணோடு வரும் ஆங்கில எழுத்து. நோட்டை எந்த ஊரின் வட்டம், அதாவது எந்த வெளியீட்டு அலுவலகம், வெளியிட்டது என்பதை அது காட்டுகிறது: ஏ கான்பூர், பி பம்பாய், சி கல்கத்தா, கே கராச்சி, எல் லாகூர், எம் மதராஸ், ஆர் ரங்கூன். ஒரே மதிப்பு, ஒரே கையெழுத்து, ஒரே நிலையில் இருக்கும் இரண்டு தாள்களுக்கு இந்த ஓர் எழுத்தால் விலை மாறும். ஏழு எழுத்தையும் சேர்க்கத் துடிப்பவர்கள் இருக்கிறார்கள். கடைசியாகக் கிடைக்கும் எழுத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை பட்டியல் விலைக்குக் கட்டுப்படாது. தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு 'எம்' எழுத்தின் மேல் தனிப் பாசம். அதில் நியாயமும் இருக்கிறது.

கூடப் பிறந்த ஒரு ரூபாய் நோட்டு 25 தாள் கொண்ட சிறு புத்தகமாகத் தைத்துக் கொடுக்கப்பட்டது. ரசீதுப் புத்தகத்தில் கிழிப்பதுபோல இடப்பக்கத் துளை வரிசையில் கிழித்துக் கொடுப்பார்கள். அதனால் உண்மையான தாளில் இடது ஓரம் சற்றுப் பிசிறாகத்தான் இருக்கும். நேராக, வெட்டியதுபோல் இருந்தால், யாரோ பிற்பாடு 'அழகுபடுத்த' கத்தரி போட்டிருக்கிறார்கள் என்று பொருள், விலை குறையும். அழகுக்காகச் செய்த வேலை தாளைக் கெடுத்த இடங்களில் இது முதலாவது. இன்னும் வரும்.

இப்போது பர்மாவுக்கு வரலாம். 1985 நவம்பரில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அதற்குப் பதில் 75 கியாட் வந்தது. ஆட்சியாளர் நே வின்னின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளை ஒட்டிய எண். 1986-ல் 15, 35. பிறகு 1987 செப்டம்பர் 5-ல் 25, 35, 75 மூன்றும் ஒரே அறிவிப்பில், எந்த மாற்றுத் தொகையும் இல்லாமல் செல்லாக் காசாயின. அதே மாதம் 45, 90 கியாட் வெளிவந்தன. இரண்டும் ஒன்பதால் வகுபடும். ஒன்பது நே வின்னுக்கு ராசியான எண். மக்கள் சேமிப்பு ஒரே நாளில் காகிதமானது. அடுத்த ஆண்டு வெடித்த எழுச்சிக்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

இந்த நோட்டுகளுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது. ஆனாலும் விலை இல்லை. காரணம் எளியது. 35, 75 கியாட் நோட்டுகள் மக்கள் கையிலேயே மாட்டிக்கொண்டன. திருப்பிக் கொடுக்க வழியில்லை, எறியவும் மனமில்லை. 45, 90 பெருமளவில் அச்சானவை; விசித்திரமான எண் என்று அன்றே உலகம் முழுக்கப் பேச்சானதால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் புதுத் தாளாகவே வாங்கி வைத்துவிட்டார்கள். பிறந்தபோதே 'இது அபூர்வம்' என்று எல்லோரும் எடுத்து வைத்த பொருள் அபூர்வமாவது கடினம்.

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் இன்னொரு வகை அடிக்கடி கிடைக்கிறது: ஜப்பானியர் ஆட்சியில் 1942 முதல் வெளியான ரூபாய் நோட்டுகள். அரை ரூபாய், கால் ரூபாய் என்றுகூட நோட்டு உண்டு. 'ஜப்பானிய அரசாங்கம்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். தாளில் உள்ள குறியீட்டின் தொடக்க எழுத்து 'பி'. மலாயாவில் டாலர், சென்ட் கணக்கில் 'எம்' எழுத்தோடு வந்தது. அதன் பத்து டாலரில் வாழைமரம் இருப்பதால் வாழைமர நோட்டு என்றே பெயராயிற்று. கால் ரூபாய் நோட்டு என்றதும் எல்லோருக்கும் ஆசை பிறக்கிறது. கணக்கில்லாமல் அச்சடித்துப் போர் முடிந்ததும் மதிப்பிழந்தவை அவை. சில நூறு ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதே பெட்டியில் 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று மேலச்சு பதித்த இந்திய நோட்டு இருந்தால் நிதானமாகப் பாருங்கள். 1937-ல் பர்மா தனி ஆளுகைக்குப் பிரிந்தபோது ஐந்தாம் ஜார்ஜ் நோட்டுகள் மேல் அப்படி அச்சிட்டார்கள். அதன் கதை வேறு, விலையும் வேறு.

இலங்கையில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. போரில் உலோகம் தட்டுப்பட்டதால் 1942-ல் 5 சதத்துக்கு (சென்ட்) ஒரு சிறு தாள் வெளியிட்டார்கள். நடுவில் தபால்தலைபோல் துளை வரிசை. கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறு பக்கம் 3 சதம். சில்லறை இல்லாதபோது நோட்டையே சில்லறையாக்கும் ஏற்பாடு. இதில் முழுத் தாள்தான் விலை பெறும். தனித்தனித் துண்டுகளுக்கு மதிப்பு குறைவு. நடுத் துளை வரிசையில் மடிப்பு விழாமல் கிடைப்பது அரிது, ஏனென்றால் மடிப்பதற்கென்றே அமைந்த இடம் அது. பழைய புத்தகத்தில் இது அகப்பட்டால் விரித்து மடித்துச் சோதிக்காமல் அப்படியே தட்டையாக வையுங்கள்.

நினைவு வெளியீடுகள் தனிச் சாதி. மலேசியா 2017-ல் 60 ரிங்கிட், 600 ரிங்கிட் என்று இரண்டு மதிப்புகளில் வெளியிட்டது. 600 ரிங்கிட் மொத்தமே 6,000 தாள். தாய்லாந்து 1987-ல் மன்னரின் அறுபதாம் பிறந்தநாளுக்காகச் சதுர வடிவில் 60 பாட் வெளியிட்டது. இவற்றின் எண்ணிக்கை வெளிப்படையாகத் தெரியும், வாங்கியவர்கள் எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள். வெளியீட்டு உறை இல்லாவிட்டால் விலை குறையும், அவ்வளவுதான். அமெரிக்காவின் 2 டாலரையும் இங்கேயே சொல்லிவிடலாம்: 1966-ல் நின்றது, 1976-ல் மீண்டும் வந்தது, இன்றும் செல்லும். வெளிநாட்டு உறவினர் ராசிக்கு என்று கொடுத்த 2 டாலரின் மதிப்பு பெரும்பாலும் 2 டாலர்தான்.

உயர்மதிப்பு நோட்டுகளில் கணக்கு தலைகீழ். ரிசர்வ் வங்கி 1938 ஜூனில் 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. இந்தியாவில் அச்சான மிக உயர்ந்த மதிப்பு 10,000. 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 மூன்றையும் ஒழித்தார்கள். 1954-ல் 1,000, 5,000, 10,000 புதிய வடிவில் வந்தன. அந்த 1,000 ரூபாயில் தஞ்சைப் பெரிய கோயில், 5,000-ல் மும்பை கேட்வே. 1978 ஜனவரியில் அவையும் போயின. அவ்வளவு பெரிய தொகையை யாரும் மறந்து வைத்துவிடுவதில்லை. கணக்கில் காட்ட முடிந்தவர் எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள். ஆகவே மிஞ்சியது மிகக் குறைவு. இதைப் படிப்பவர் வீட்டில் 10,000 ரூபாய் நோட்டு கிடைப்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. தஞ்சைக் கோயில் போட்ட 1,000 ரூபாய் மட்டும் அவ்வப்போது ஏலத்தில் தலைகாட்டுகிறது.

அப்படியானால் 2,000 ரூபாயை எடுத்து வைக்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 மே 19-ல் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தபோது புழக்கத்தில் இருந்தது 3.56 லட்சம் கோடி ரூபாய். இரண்டாயிரத்தால் வகுத்தால் 178 கோடி தாள். 98 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிட்டது என்று செய்தி வரும்போது மிச்சம் அபூர்வம் என்று தோன்றும். 178 கோடியில் ஒரு சதவீதம்கூட 1 கோடியே 78 லட்சம் தாள். நாட்டில் நோட்டு சேகரிப்பவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? நம் ஆயுளில் இது அபூர்வமாகாது. அது இன்னும் சட்டப்படி செல்லும். சென்னை உட்பட ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகங்களில் கணக்கில் செலுத்திக்கொள்ளலாம். என் கருத்தில் அதுதான் புத்திசாலித்தனம்.

சாதாரண எண்களிலும் அபூர்வம் ஒளிந்திருக்கிறது. 20 ரூபாய் நோட்டு நமக்குச் சர்வ சாதாரணம். ஆனால் 1910-வாக்கில் நிறுத்தப்பட்ட 20 ரூபாய், அறுபது ஆண்டு கழித்து 1972-ல்தான் திரும்ப வந்தது. 50 ரூபாயை ரிசர்வ் வங்கி 1975-ல்தான் வெளியிட்டது. அதற்கு முந்தைய 50 என்றால் ஐந்தாம் ஜார்ஜ் காலத்துப் பெரிய தாள், அது அரிய வகை. ஆகவே நோட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த எண் எந்த ஆண்டில், யார் பெயரில் வெளியானது என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாறாக, 1 ரூபாய், 2 ரூபாய், 5 ரூபாய் தாள்கள் தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை நின்றுபோனாலும் கோடிக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. ஆரியபட்டா செயற்கைக்கோள் போட்ட 2 ரூபாயை வைத்து வீடு வாங்க முடியாது.

இனி நிலை. அரிய நோட்டில் விலையைத் தீர்மானிப்பது பாதிக்கு மேல் இதுதான். உலகளவில் தரச் சான்று தரும் நிறுவனங்கள் 70 புள்ளி அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. 60-ம் அதற்கு மேலும் புழங்காத தாள். 50 முதல் 58 வரை கிட்டத்தட்ட புதிது, பெரும்பாலும் நடுவில் ஒரு மென்மடிப்பு. 40, 45 என்றால் இரண்டு மூன்று மடிப்பு, தாள் இன்னும் விறைப்பு. 20 முதல் 35 வரை நன்றாகப் புழங்கியும் உடல் கெடாதது. அதற்குக் கீழே துணிபோல் தளர்ந்தது. மடிப்பைக் கண்டுபிடிக்க நேர்வெளிச்சம் உதவாது. இருட்டறையில் டார்ச்சை மேசையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், அழுத்தி மறைத்த மடிப்புகூட நிழல்கோடாக எழும். பின்னால் வெளிச்சம் வைத்துப் பார்த்தால் ஊசித்துளை, மெலிந்த இடம், ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் தெரியும்.

இந்தியத் தாள்களில் துளையைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. வங்கிகள் நோட்டுக் கட்டுகளை ஸ்டேப்ளர் கம்பியால் தைத்துக்கொண்டிருந்தன. 2001 நவம்பரில்தான் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னது. ஆகவே அதற்கு முந்தைய நோட்டு, கட்டிலிருந்து நேராக எடுத்த புதுத் தாளாக இருந்தாலும், இடப்பக்கம் இரண்டு துளை இருப்பது இயல்பு. அதைப் பெரிய குறையாக யாரும் கருதுவதில்லை. துளையைச் சுற்றித் துருக்கறை பரவியிருந்தால், கம்பியை இழுத்துக் கிழித்திருந்தால், அது குறை.

விக்டோரியா காலத்து நோட்டுகளில் இன்னொரு விதிவிலக்கு உண்டு. அன்று பணத்தைத் தபாலில் அனுப்ப நோட்டை இரண்டாக வெட்டுவார்கள். முதல் பாதி போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்த பிறகு மறு பாதியை அனுப்புவார்கள். பெற்றவர் பின்னால் ஒரு தாள்கீற்றை வைத்து ஒட்டிக்கொள்வார். ஆகவே அந்தக் காலத்து நோட்டு நடுவில் ஒட்டியிருந்தால் பதற வேண்டாம், அது அதன் வாழ்க்கையின் அடையாளம். ஒன்றை மட்டும் பாருங்கள்: இரண்டு பாதியிலும் வரிசை எண் ஒன்றா? வேறு வேறு என்றால் இரண்டு நோட்டுகளின் மிச்சத்தைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய ஒட்டை நீங்களாகப் பிரித்துப் புதிதாக ஒட்டவும் கூடாது.

கெடுப்பது பற்றிச் சொல்லும்போது மனம் வலிக்கிறது, ஏனென்றால் இந்த இழப்பு எல்லாமே தவிர்க்கக்கூடியது. சோப்புத் தண்ணீரில் கழுவுவது, இஸ்திரி போடுவது, செல்லோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது: நான்கும் மீட்க முடியாத சேதம். கழுவினால் தாளுக்குக் காகித ஆலையில் ஏற்றிய பசை போய்விடும். விறைப்பு போனால் தரம் போயிற்று. இஸ்திரி போட்டால் வரிக்கோடுகளின் மேடு தட்டையாகிவிடும். டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி நாருக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் செய்த அரிய நோட்டைப் பெரும்பாலான ஏலக்காரர்கள் கையில் வாங்கவே மாட்டார்கள்.

வைக்கும் முறைக்கு அதிகச் செலவில்லை. பிவிசி உறை வேண்டாம்; அது நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டும். மைலார் எனும் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். ஓர் உறையில் ஒரு தாள். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் முதல் எதிரி. காகிதத்துக்கு 40 முதல் 50 சதவீதம் போதும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறினால் காயவைத்து மாற்றுங்கள். சுவரோடு ஒட்டிய பீரோவின் பின்பக்கம் மழைக்காலத்தில் வியர்க்கும். ஆல்பத்தை அங்கே செருகாதீர்கள். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையை நோட்டோடு சேர்த்துப் போடுவதும் தவறு. இராமபாணம் வராமல் தடுக்க உலர்ந்த டப்பாவே போதும்.

இரண்டரை ரூபாய்க்குப் போலிகள் நிறையவே உண்டு. பெரும்பாலானவை இன்றைய கணினி அச்சு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். அசல் நோட்டில் ஒவ்வொரு கோடும் தனிமையில் உறுதியாக ஓடும். நகலில் அந்தக் கோடு நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறும். பிறகு புற ஊதா விளக்கு. தாளை வெண்மையாக்கும் ஒளிர்பொருள் 1918-ல் காகிதத்தில் கிடையாது. அந்தக் காலத்து அசல் தாள் விளக்கின் கீழ் மங்கலாகவே இருக்கும். நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் தாள் பிற்காலத்தது. ஒரு எச்சரிக்கை: சலவைத்தூளில் கழுவிய அசல் நோட்டும் ஒளிரும், ஏனென்றால் அந்தத் தூளிலும் அதே ஒளிர்பொருள் இருக்கிறது. ஆகவே ஒளிர்ந்தால் ஒன்று போலி, இல்லையேல் கழுவியது. இரண்டுமே வாங்குபவருக்கு நல்ல செய்தி இல்லை. நீர்க்குறியையும் பாருங்கள். அசலில் அது தாளின் தடிமன் மாறுவதால் உண்டாவது. வெளிச்சத்துக்கு எதிரே மட்டும் தெரியும். மேசையில் வைத்த நிலையிலேயே சாம்பல் நிறத்தில் தெரிந்தால் அது மேலே அச்சிட்டது.

அசலைக் கண்ணால் பார்த்துப் பழக மும்பையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகமும், பெங்களூரில் ரெஸ்வான் ரசாக்கின் இந்தியத் தாள்பண அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஒரு மணி நேரம் அசலைப் பார்த்த கண்ணை நகல் ஏமாற்றுவது கடினம்.

விலை பார்க்கும்போது, கேட்கும் விலையையும் முடிந்த விலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இணையத்தில் யாரும் எதற்கும் ஒரு கோடி போடலாம். அதே மதிப்பு, அதே கையெழுத்து, அதே எழுத்து, அருகருகேயான தரம்: இவை நான்கும் ஒத்த நோட்டு கடந்த சில ஆண்டு ஏலங்களில் எவ்வளவுக்கு முடிந்தது என்பதே விலை. அதிலும் கழிவு உண்டு. எடுத்துக்காட்டாக, ஏலம் சுத்தியல் தட்டி முடிந்தது 1,00,000 என்றும், வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்றும், விற்பவர் கழிவு 10 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், வாங்குபவர் 1,20,000-ம் அதற்கு மேல் வரியும் கொடுக்கிறார். விற்பவர் கைக்கு வருவது 90,000. செய்தியில் வரும் தொகை பெரும்பாலும் முதல் கணக்கு. உங்களுக்கு வருவது இரண்டாவது.

786 எண், டிராக்டர் போட்ட 5 ரூபாய், இவற்றுக்கு லட்சம் தருகிறோம் என்று அழைப்பவர்கள் முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அடுத்து வரி, அடுத்து கமிஷன். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தங்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திப் பணம் கேட்கிறார்கள், நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. வாங்குபவர் பணம் தருவார். விற்பவரிடம் பணம் கேட்பவர் வாங்குபவரே இல்லை.

சட்டம் இரண்டு இடத்தில் குறுக்கே வரும். 2016-ல் ஒழித்த பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளை, 2017-ன் சட்டப்படி மொத்தம் 10 தாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; ஆய்வு அல்லது சேகரிப்புக்கு என்றால் 25 வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது அந்த நோட்டுகளின் முகமதிப்பில் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது வரை அபராதம். இரண்டாவது, நூறாண்டு கடந்த கலைப்பொருள், தொல்பொருள்களை நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972-ன் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. இரண்டரை ரூபாய் நோட்டு நூறைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு வாங்குபவர் எவ்வளவு கொடுத்தாலும், தொல்லியல் துறையிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் அதைத் தபாலில் சேர்க்காதீர்கள்.